மேற்கு பார்த்த கண்ணாடி

"எலிவேஷனுக்கு எந்தக் கண்ணாடி போடலாம்?" பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும். கட்டுகிறவர் ஜவுளிக்கடை அண்ணாச்சியாக இருந்தாலும், மருத்துவராக இருந்தாலும், கல்லூரித் தாளாளராக இருந்தாலும் முதல் கேள்வி இதுதான். கையில் ஒரு படமும் இருக்கும். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலோ துபாயிலோ எடுத்த, நீலமாகத் தகதகக்கும் ஏதோ ஒரு கட்டடம்.

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும். ஆனால் அதற்கு முன் வேறு மூன்றுக்கு விடை தெரிய வேண்டும். கண்ணாடி எந்தத் திசையைப் பார்க்கிறது? சுவரில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது? வெயில் அதன் மேல் விழாமல் தடுப்பது எது? இந்த மூன்றையும் ஒழுங்காக முடித்தவருக்கு நடுத்தர விலைக் கண்ணாடியே போதும். மூன்றையும் கோட்டை விட்டவரை எவ்வளவு உயர்ந்த கண்ணாடியும் காப்பாற்றாது.

உயரமான கட்டடம் என்றதும் முப்பது மாடிக் கோபுரம் மனதில் வர வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினாலே அது உயரமான கட்டடம். தரைத்தளத்துக்கு மேல் ஐந்தாறு மாடி எழும்பும் மருத்துவமனைகளும் ஹோட்டல்களும் கடைகளும் இந்தக் கோட்டை ஒட்டியோ தாண்டியோ நிற்பவைதான். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது கண்ணாடி முகப்பு பெருநகரத்துச் சமாச்சாரமாக இருந்தது. 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று டைடல் நியோ வளாகங்கள் வரிசையாகத் திறந்தன. நம் திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து நல்ல கண்ணாடி நம் மாநிலத்திலேயே கிடைக்கிறது. பொருளுக்குப் பஞ்சமில்லை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது.

வெயில் வரும் வழி

கட்டடக்கலைப் பாடநூல்கள் பலவற்றில் ஒரு விதி உண்டு. வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயில் விழாது, அங்கே தாராளமாகக் கண்ணாடி வைக்கலாம் என்று. டெல்லிக்கு இது ஓரளவு பொருந்தும். ஐரோப்பாவுக்கு நன்றாகவே பொருந்தும். திருநெல்வேலி இருப்பது வட அட்சரேகை 8.7 டிகிரியில். சித்திரை பிறக்கும் சமயத்தில் இங்கே உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். மின்கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருங்கிவிடும். அதற்குப் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை, ஏறக்குறைய நாலரை மாதம், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே நெல்லையில் வடக்குச் சுவரும் வெயில் காயும் சுவர்தான்.

ஆனால் அந்த வெயில் உயரத்திலிருந்து வருகிறது. ஜூன் 21 நண்பகலில் சூரியன் வடக்கு வானில் 75 டிகிரி உயரத்தில் இருக்கும். டிசம்பர் 21 நண்பகலில் தெற்கு வானில் 58 டிகிரி. உயரத்திலிருந்து வரும் வெயிலை ஒரு சன்ஷேடு தடுத்துவிடும். வடக்கும் தெற்கும் நமக்குச் சமாளிக்கக்கூடிய திசைகள். தலைவலி கிழக்கும் மேற்கும்தான், அதிலும் மேற்கு.

மேற்கு ஏன் மோசம் என்பதற்கு நம் ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நெல்லை இருப்பது 77.7-இல். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.20 மணிக்கு. காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடும் அலுவலகத்தில், கிழக்குக் கண்ணாடி வேலைநேர வெயிலைத் தாங்குவது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. மேற்குக் கண்ணாடி தாங்குவது ஏறக்குறைய ஆறு மணி நேரம். அதுவும் தரை, சுவர், மொட்டைமாடி எல்லாம் காலையிலிருந்து காய்ந்து கொதித்த பிறகு.

திசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மனை வாங்கும்போதே அது முடிந்துவிடுகிறது. நெல்லை டவுனில் கீழ ரத வீதியிலோ மேல ரத வீதியிலோ தெருவின் கிழக்கு வரிசையில் மனை இருந்தால் வாசல் மேற்குப் பார்த்துத்தான் அமையும். கடைக்காரருக்கு வாசல் பக்கம்தான் முகம். அந்த முகத்துக்குத்தான் கண்ணாடி கேட்கிறார். இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதே கீழ ரத வீதியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை, மங்கலான ஒரு விளக்கையே பெயராக்கிக்கொண்டு, அல்வாவுக்கு மாலைதோறும் வரிசை நிற்க வைக்கிறது. கண்ணாடி மின்னினால்தான் வியாபாரம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மேற்கு வாசல் தவிர்க்க முடியாததென்றால் கட்டடத்தின் உள்ளமைப்பை மாற்றுங்கள். படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, கிட்டங்கி, ஜெனரேட்டர் அறை ஆகியவற்றை மேற்குப் பக்கம் அடுக்கினால் அவையே வெயிலைத் தாங்கும் தடுப்பாகிவிடும். ஆட்கள் உட்காரும் அறைகள் அதற்குப் பின்னால் வரட்டும். இந்த மாற்றத்துக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது. ஆனால் வரைபடம் தாளில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

நூறு சதுர அடியின் கணக்கு

மேற்குச் சுவரில் பத்தடிக்குப் பத்தடி கண்ணாடி, அதாவது 9.3 சதுர மீட்டர். தெளிந்த வானத்தில் மாலை நாலு மணிக்கு அதன் மேல் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறக்குறைய 5,600 வாட்.

இதில் எவ்வளவு உள்ளே நுழைகிறது என்பதைக் காட்டும் எண்ணை வெயில் வெப்ப விகிதம் என்று சொல்லலாம். கண்ணாடி விற்பவர்கள் எஸ்எச்ஜிசி என்பார்கள். 0.80 என்றால் நூற்றில் எண்பது பங்கு உள்ளே வருகிறது. சாதாரண 6 மில்லிமீட்டர் வெள்ளைக் கண்ணாடிக்கு இது 0.82 வரை. ஆக, உள்ளே வருவது 4,600 வாட். ஒரு டன் ஏசி அகற்றும் வெப்பம் ஏறக்குறைய 3,500 வாட். அந்த ஒரு கண்ணாடிக்காக மட்டும் ஒன்றே கால் டன்னுக்கு மேல் ஏசி ஓட வேண்டும். இந்த எண் 0.27 உள்ள கண்ணாடி போட்டால் நுழைவது 1,500 வாட், அரை டன்னுக்கும் குறைவு.

இன்னோர் எண்ணும் உண்டு. வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி என்ற வித்தியாசத்தால் கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பத்தை அது காட்டும். யூ மதிப்பு என்பார்கள். ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7, நடுவில் காற்றிடை விட்ட வெள்ளை டபுள் கிளாஸுக்கு 2.8. வெளியே 38, உள்ளே 25 டிகிரி என்றால் நம் நூறு சதுர அடியில் ஒற்றைக் கண்ணாடி கடத்துவது 690 வாட், டபுள் கிளாஸ் கடத்துவது 340 வாட். மிச்சம் 350 வாட்தான்.

இரண்டு மிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெயிலைத் தடுத்தால் 3,100 வாட். கடத்தலைப் பாதியாக்கினால் 350. பனி கொட்டும் நாட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் 30, 40 டிகிரி வித்தியாசம்; அங்கே டபுள் கிளாஸ் உயிர்நாடி. நமக்கு வித்தியாசம் மதியத்தில்கூடப் பதின்மூன்று பதினைந்து டிகிரிதான். "டபுள் கிளாஸ் போட்டுட்டா ஏசி பில் பாதியாயிரும் அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால், வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு உள்ளதா, எஸ்எச்ஜிசி எவ்வளவு என்று கேளுங்கள். பூச்சில்லாத வெள்ளை டபுள் கிளாஸுக்கு அது 0.70 அளவில் இருக்கும். 3,900 வாட் உள்ளே வரும். இரண்டு கண்ணாடிக்கு விலை கொடுத்து மேற்கு வெயிலை வரவேற்றதுதான் மிச்சம்.

எவ்வளவு கண்ணாடி

பெரிய வணிகக் கட்டடங்களுக்காக மத்திய எரிசக்தித் திறன் அமைவனம் 2007-இல் ஒரு கட்டட நெறிமுறையைக் கொண்டுவந்து, மின் இணைப்பு 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை 120 கேவிஏ எட்டும் கட்டடங்களுக்குப் பொருந்தும்படி 2017-இல் திருத்திய பதிப்பை வெளியிட்டது. ஈசிபிசி என்பது அதன் சுருக்கப் பெயர். 2022-இல் அதற்கு அடிப்படையான எரிசக்திச் சட்டமே திருத்தப்பட்டு, அதன்பின் நெறிமுறையும் பேரும் விரிந்திருக்கின்றன. உங்கள் கட்டடத்துக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்பதை வரைபட அனுமதிக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 2017 பதிப்பின் எளிய வழி இப்படி: வெளிச்சுவர்ப் பரப்பில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, யூ மதிப்பு 3.0-க்கு மேல் போகக்கூடாது. கண்ணாடி வழியே தெரியும் வெளிச்சம் குறைந்தது 27 சதவீதமாவது இருக்க வேண்டும். நம் போன்ற வெப்ப மண்டலத்தில் எஸ்எச்ஜிசி 0.27-ஐத் தாண்டக்கூடாது. வடக்கு ஜன்னலுக்கு 0.50 வரை சலுகை உண்டு, ஆனால் 15 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு மட்டும். தெற்கே உள்ளவர்களுக்கு வடக்கு ஜன்னலிலும் அதே 0.27. மேலே சொன்ன சித்திரைச் சூரியனைச் சட்டம் எழுதியவர்களும் கவனித்திருக்கிறார்கள்.

40 என்பது உச்ச வரம்பு. அதை இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அலுவலகமோ மருத்துவமனையோ, 25 முதல் 30 சதவீதத்தில் நல்ல வெளிச்சம் கிடைக்கும் என்பது என் கணிப்பு. மேசை உயரத்துக்குக் கீழே, தரையிலிருந்து இரண்டரை அடி வரை இருக்கும் கண்ணாடி வேலைக்கு வெளிச்சம் தராது. நாற்காலிக் கால்களையும் வயர் கற்றைகளையும் தெருவுக்குக் காட்டும், வெப்பத்தை மட்டும் கொண்டுவரும். அங்கே சுவர் எழுப்புங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் வரை பகல் வெளிச்சம் உள்ளே போகும். ஆகவே கண்ணாடியை மேலே தூக்குங்கள், கூரையை ஒட்டி.

"வெளியே பார்த்தால் முழுக்கக் கண்ணாடியாகத் தெரிய வேண்டும்" என்று பிடிவாதமாக இருப்பவருக்கும் வழி உண்டு. லிண்டலுக்கு மேலும் சில்லுக்குக் கீழும் செங்கல் அல்லது ஏஏசி பிளாக் சுவர் கட்டி, அதன் முன்னால் பின்புறம் வண்ணம் பூசிய கண்ணாடியைப் பொருத்தலாம். வெளியிலிருந்து ஒரே பரப்பாகத் தெரியும், உள்ளே சுவர் இருக்கும். அந்தக் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே சூடு அடைபடும் என்பதால் முழுக்கச் சூடேற்றிக் கடினமாக்கிய டஃபண்ட் கண்ணாடியோ, அரைப்பதம் சூடேற்றிய ஹீட் ஸ்ட்ரெந்தன்ட் கண்ணாடியோதான் போட வேண்டும். சாதாரணக் கண்ணாடி வெடித்துவிடும்.

நிழல்

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை, பத்தமடைப் பாயே ஆனாலும், கூச்சத்தைக் குறைக்கும், வெப்பத்தை அதிகம் குறைக்காது. வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் வாசலில் மணல் மூட்டை அடுக்குவதற்குச் சமம் அது.

இதை லெ கொர்பூசியே பாரிஸில் பட்டுத் தெரிந்துகொண்டார். சால்வேஷன் ஆர்மிக்காக அவர் கட்டிய சித்தே த ரெஃப்யூஜ் விடுதி 1933-இல் திறந்தது. தெற்குப் பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடிச் சுவர். குளிர்விக்கும் இயந்திரத்துக்குப் பணம் போதாமல் அதைக் கைவிட்டிருந்தார்கள். பாரிஸின் வெயிலுக்கே உள்ளே இருக்க முடியவில்லை. போருக்குப் பின் அந்த முகப்பில் கான்கிரீட் வெயில்தடுப்புகளை வைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பின்னர் சண்டிகரில் அவர் கட்டிய தலைமைச் செயலகத்தில் தடுப்புகள் தொடக்கத்திலேயே முகப்பின் பகுதியாக வந்துவிட்டன.

நெல்லைக்கான அளவுகள் இவை. ஐந்தடி உயரத் தெற்கு ஜன்னலுக்கு மார்கழி வெயிலையும் தடுக்க மூன்றேகால் முதல் மூன்றரை அடி சன்ஷேடு வேண்டும். மூன்றரை அடி நீட்டுவது கனமாகத் தெரிந்தால் அதையே மூன்றாகப் பிரித்து, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒன்றேகால் அடித் தகடுகள் வைத்தால் அதே நிழல் கிடைக்கும். வடக்கு ஜன்னலுக்கு ஒன்றரை அடி போதும். ஜூன் மாதக் காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலுக்கு மட்டும் பக்கவாட்டில் செங்குத்துத் தகடு வேண்டும்.

மேற்குக்கு இதே கணக்கைப் போட்டால் சிரிப்பு வரும். மார்ச் மாதத்தில் மாலை நாலரை மணிக்குச் சூரியன் 30 டிகிரி உயரத்தில் நேர் மேற்கே நிற்கும். ஐந்தடி ஜன்னலை மறைக்க ஏறக்குறைய ஒன்பதடி சன்ஷேடு வேண்டும். அது சன்ஷேடு இல்லை, போர்ட்டிகோ. ஆகவே மேற்கில் நீட்டிப் பயனில்லை. முன்னால் மறைக்க வேண்டும். துளையிட்ட அலுமினியத் தகடு, சுடுமண் ஜாலி, சாய்த்து வைத்த செங்குத்து ஃபின்கள் என்று எதுவானாலும் கண்ணாடியிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும். இடையில் ஆள் போய்ச் சுத்தம் செய்யலாம், சூடான காற்றும் மேலே போய்விடும். துளைகள் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் உள்ளிருந்து தெரு தெரியும். இரவில் உள்விளக்கு வெளியே கசியும்போது கடைக்கும் ஓர் அழகு. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்காக 1970-களில் லாரி பேக்கர் கட்டிய செங்கல் ஜாலிச் சுவர்களைப் போய்ப் பாருங்கள். அரை நாள் பயணத்தில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கடைக்காரர்களுக்கு இன்னொன்று. முழுக் கண்ணாடி முகப்பு வைத்த கடைகளில் பாதிக்கு மேல் ஆடி வந்தால் தள்ளுபடி பேனரையும், ஐப்பசி வந்தால் தீபாவளி பேனரையும் அதே கண்ணாடியின் மேல் கட்டுகின்றன. எப்படியும் மறைக்கப்போகிற இடத்தில் ஜாலியும் பெயர்ப்பலகையும் முதலிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே.

வளைந்த முகப்பு ஆசை இருந்தால் உட்குழிவாக மட்டும் வேண்டாம். லண்டன் ஃபென்சர்ச் தெரு 20-ஆம் எண் கட்டடத்தின் உட்குழிந்த கண்ணாடி முகம் 2013-இல் வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. பிறகு முகப்பில் தடுப்புத் தகடுகள் மாட்டினார்கள். லண்டன் வெயிலுக்கே அந்த கதி. தட்டையான ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியும் குறுகிய ரத வீதியில் எதிர்வீட்டுக்காரரின் நடுவறைக்குள் மாலை வெயிலைத் திருப்பி அனுப்பும். சண்டை வரும்.

இப்போது கண்ணாடி

சந்தையில் நாலு வகை பெயர் கேட்பீர்கள். முதலாவது நிறம் கலந்த டின்டெட் கண்ணாடி. அது வெயிலை உறிஞ்சித் தானே சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பகுதியை உள்ளேயும் விடும். பக்கத்தில் உட்கார்ந்தால் கன்னம் காயும். இரண்டாவது, ஒற்றைக் கண்ணாடியில் கடினப் பூச்சுள்ள ரிஃப்ளெக்டிவ். மலிவு, ஆனால் விலை குறைந்த ரகங்களில் வெப்பத்தைவிட வெளிச்சம் அதிகமாக வெட்டுப்படும். நடுப்பகலிலும் உள்ளே டியூப்லைட் எரியும். மூன்றாவது பூச்சில்லாத டபுள் கிளாஸ். அதன் கதையை மேலே பார்த்தோம். நாலாவதுதான் வேலைக்கானது: கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வெள்ளிப் படலம் பூசிய வெயில்தடுப்பு லோ-ஈ கண்ணாடி. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இந்தப் படலம் வெளிச்சத்தை ஓரளவு விட்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. படலம் மென்மையானது, காற்றும் ஈரமும் பட்டால் கெடும். அதனால்தான் அதை டபுள் கிளாஸின் உள்பக்கம் அடைத்து வைக்கிறார்கள். நமக்கு டபுள் கிளாஸ் தேவைப்படுவதற்கு முதன்மைக் காரணம் இந்தப் பாதுகாப்புதான். கடத்தல் குறைவது கூடுதல் லாபம்.

விலைப்பட்டியலில் இரண்டு எண்களை வட்டமிடுங்கள்: வெளிச்சம் எத்தனை சதவீதம், எஸ்எச்ஜிசி எவ்வளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒன்றரை ஒட்டியோ அதற்கு மேலோ வர வேண்டும். வெளிச்சம் 40 சதவீதம், எஸ்எச்ஜிசி 0.27 என்றால் 1.48, நல்ல கண்ணாடி. ஒன்றுக்குக் கீழே வந்தால் இருட்டுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். சன்ஷேடும் ஜாலியும் ஒழுங்காக வைத்த வடக்கு, தெற்குப் பக்கங்களில் வெளிச்சம் கூடுதலான ரகத்தை எடுக்கலாம். நாலு பக்கமும் ஒரே கண்ணாடி என்பது கொள்முதலுக்கு வசதி, அவ்வளவுதான்.

படலம் எந்த முகத்தில் இருக்கிறது என்பதைத் தளத்திலேயே பார்க்கலாம். வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது முகத்தில், அதாவது வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில் இருக்க வேண்டும். அந்தி நேரத்தில் வெளியே நின்று தீக்குச்சியோ லைட்டரோ கண்ணாடி அருகே பிடியுங்கள். நாலு சுடர்கள் தெரியும். அதில் ஒன்றின் நிறம் மட்டும் மாறியிருக்கும். உங்கள் பக்கமிருந்து இரண்டாவது அதுவாக இருந்தால் சரி. மூன்றாவதாக இருந்தால் கண்ணாடியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

பாதுகாப்புக்கு ஐஎஸ் 2553 முத்திரை ஒவ்வொரு டஃபண்ட் கண்ணாடியிலும் இருக்க வேண்டும். டஃபண்ட் ஆனபின் அதை அறுக்க முடியாது. ஆகவே கொத்து வேலையும் பூச்சும் முடிந்து, திறப்புகளை அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள். வரைபட அளவை நம்பி ஆர்டர் கொடுத்தவர்களின் கண்ணாடிகள் எத்தனையோ கிட்டங்கிகளில் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. டஃபண்ட் கண்ணாடிக்குள் நிக்கல் சல்பைடு துகள் சிக்கியிருந்தால் காரணமே இல்லாமல் ஒருநாள் நொறுங்கும். ஆலையிலேயே ஹீட் சோக் சோதனை செய்து வாங்கினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். ஆட்கள் நடக்கும் இடத்துக்கு மேலே இருப்பவை, சாய்ந்த கண்ணாடிக் கூரைகள் ஆகியவற்றுக்கு லேமினேட்டட் கண்ணாடிதான். உடைந்தாலும் துண்டுகள் நடுப்படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

காற்று, மழை, உப்பு

ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று அடிக்கும். தென்காசிக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு நெல்லைக்குப் பெரும்பாலும் காற்றை மட்டும் அனுப்பும், கூடவே புழுதியையும். காற்றழுத்தக் கணக்கை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி கட்டுமானப் பொறியாளர் போட வேண்டும். கண்ணாடிக்கு மட்டுமல்ல, அதன் முன்னால் நிற்கும் ஜாலிக்கும். மூலைகளில் உறிஞ்சும் அழுத்தம் நடுவைவிட அதிகம். ஆடிக் காற்றை வீணாக்கவும் வேண்டாம். படிக்கட்டு, நடைபாதை, காத்திருக்கும் கூடம் போன்ற ஏசி தேவையில்லாத இடங்களில் திறக்கும் ஜன்னல்கள் வையுங்கள்.

புழுதி படிந்த கண்ணாடியை ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீரில் கழுவினால் வெள்ளைத் திட்டுகள் விழும். நாளடைவில் அவை கண்ணாடியையே அரித்துவிடும், தேய்த்தாலும் போகாது. கழுவ மென்னீர் வேண்டும். ஆள் கயிற்றில் இறங்க மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கொக்கிகள் கான்கிரீட் போடும்போதே பதிந்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வேறு திசையைச் சோதிக்கும். 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. முகப்பின் இணைப்புகளை உள்ளே ஃபால்ஸ் சீலிங் மூடும் முன்னரே சோதியுங்கள். ஹோஸ் பைப்பை இணைப்பின் மேல் பிடித்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு நீளத்துக்கும் ஐந்து நிமிடம். உள்ளே ஒருவர் டார்ச்சுடன் நிற்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்றே தெரியாது. ஒட்டும் சிலிக்கானை முகர்ந்தும் பார்க்கலாம். வினிகர் வாடை அடித்தால் அது டபுள் கிளாஸின் ஓரத்துக்கும் லேமினேஷனுக்கும் ஆகாத ரகம்.

ஆத்தூர், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று கடலை நெருங்கும் பகுதியில் உப்புக்காற்று அலுமினியத்தைத் தின்னும். அங்கே கடல்சார் தரப் பூச்சும், போல்ட்டுகளுக்கு 316 தர எவர்சில்வரும் கேளுங்கள்.

தீ

இதில் பேரம் கிடையாது. கண்ணாடி முகப்புக்கும் ஒவ்வொரு தளத்தின் ஸ்லாபுக்கும் இடையே விரலளவு இடைவெளி இருக்கும். அதைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்காவிட்டால் கீழ்த்தளத்துப் புகை புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேலே வரும். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒவ்வொரு தளத்திலும் 10 மீட்டருக்கு ஒன்றாக, குறைந்தது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில், வெளிப்பக்கம் திறக்கும் பலகத்தைக் கேட்கிறது. புகை வெளியேறவும் தீயணைப்பு வீரர்கள் நுழையவும் அதுதான் வழி. ஜாலி வைத்தால் அந்த இடங்களில் ஜாலியும் திறக்க வேண்டும். பேனர் கட்டும் ஆளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

பறவைகளுக்காகவும் ஒரு வரி. கூந்தன்குளம் போன்ற சரணாலயத்தில் மட்டுமல்ல, நயினார்குளம் போன்ற ஊர்க்குளங்களின் கரையிலும் நீர்ப்பறவைகள் நடமாட்டம் உண்டு. வானத்தையும் மரத்தையும் பிரதிபலிக்கும் கண்ணாடியில் அவை மோதிச் சாகும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாத புள்ளியோ கோடோ கண்ணாடியின் வெளிமுகத்தில் இருந்தால் தவிர்த்துப் பறக்கும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவருக்கு

மேற்கில் வெள்ளைக் கண்ணாடியை மாட்டி முடித்துவிட்டவர் அதைக் கழற்ற வேண்டியதில்லை. முதலில் வெளியே துளைத்தகடோ ஃபின்களோ மாட்ட இடமிருக்கிறதா பாருங்கள். தெருவுக்குள் நீட்டினால் மாநகராட்சி அனுமதி வேண்டும். வெளியே முடியாதென்றால் உள்பக்கம் ஒட்டும் சன் ஃபிலிம். நம் ஊரில் கூலிங் பேப்பர் என்பார்கள். அது வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், ஒரு பகுதியைக் கண்ணாடிக்குள்ளேயே தேக்கும். டஃபண்ட் இல்லாத கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் ஓரத்திலிருந்து விரிசல் விடலாம். ஒட்டுபவரிடம் எஸ்எச்ஜிசி எண்ணையும் கண்ணாடிக்குப் பொருந்தும் என்ற எழுத்தையும் வாங்கிய பிறகே ஒட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து ஒப்பந்ததாரர் கணக்கு முடிக்கும் நாளில் நாலு காகிதங்கள் கைக்கு வர வேண்டும்: கண்ணாடியின் பெயரும் பூச்சு எண்ணும் எஸ்எச்ஜிசியும் அடங்கிய ஆலைச் சான்று, டபுள் கிளாஸ் ஓரம் பனிக்காது என்ற உத்தரவாதம், எந்த இடத்தில் எந்த அளவு என்று காட்டும் முகப்பு வரைபடம், சிலிக்கானின் பெயரும் ஒட்டிய தேதியும். கூடவே, ஒவ்வோர் அளவிலும் ஓரிரு உதிரிக் கண்ணாடிகள். பூச்சுக் கண்ணாடியின் நிறம் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் லேசாக மாறும். ஐந்து வருடம் கழித்து ஒன்று உடைந்து புதிதாக வாங்கினால் முகப்பில் அது மட்டும் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். உதிரிகளைப் படுக்கப் போடாமல், இடையில் தாள் வைத்து, அடித்தளத்தில் சாய்வுச் சட்டத்தில் நிறுத்தி வையுங்கள். வெள்ளத் தண்ணீர் ஏறும் தெருவாக இருந்தால் முதல் மாடியில்.